வெற்றிலைச் செல்லத்தில் கிடந்த ரேடியம்

பிரியமுள்ள என் பகவதியக்கா,

அங்கேயும் வாய் நிறைய வெற்றிலைதானே? போடு, போடு, இனி உன்னை யார் தடுக்கப்போகிறார்கள்! எனக்கு டாக்டர் படிப்பு முடியப்போகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பாவோடு நான் போட்ட சண்டையையும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன்னைக் கொண்டுபோன கன்னத்துப் புற்றுப்புண்ணுக்கு இப்போது வைத்தியம் வந்திருக்கிறது அக்கா. ரேடியம் என்று பெயர். அதை மெழுகு அச்சில் பதித்து, புண்ணின்மேல் படும்படி வாய்க்குள் வைக்கிறோம். அதன் கதிர் பட்டுப் புண் கரைகிறது. சிலருக்கு ஆறுகிறது, சிலருக்கு ஆறுவதில்லை. அது ஏன் என்பதுதான் மதராஸில் எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி.

படிப்பு முடிந்ததும் அவரோடேயே இருந்துவிட எனக்கு ஆசை. அப்பாவோ நம்மூர் அமரவிளையில் ரோட்டோரம் கடை பிடித்து, எனக்கு டிஸ்பென்சரி வைக்க வெள்ளையும் அடித்துவிட்டார். "கண்டவன் வாயை நோண்டிட்டு மதராசுல கெடக்கதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்? இங்கன்னா ஒரு மரியாதை உண்டு, கேட்டியா?" என்று விடுமுறையில் போனபோது கத்தினார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? சாப்பிடாமல் எழுந்து ரயிலேறிவிட்டேன்.

திரும்பி வந்தால், ஆஸ்பத்திரியில் நம்மூர்ப் பக்கத்து வெள்ளறடையிலிருந்து தாயம்மை என்றொருத்தி, அதே புண்ணோடு. நம் அம்மா வயதிருக்கும். மகன் கூட்டிவந்து சேர்த்திருந்தான். அவள் பேச்சு அங்கே ஒருவருக்கும் பிடிபடவில்லை. நம்மூர்ப் பேச்சைக் கேட்டு எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை வாங்கி, அவள் வாயில் அச்சையும் வைத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், வாயில் அச்சைக் காணோம்!

எனக்கு உயிரே போய்விட்டது. அது தொலைந்தால் ஆராய்ச்சியும் இல்லை, நானும் இல்லை. பதற்றத்தில் அவளையே கேட்கத் தோன்றவில்லை. படுக்கை, குப்பைத்தொட்டி, சாக்கடை என்று வார்டே தேடியது. பேராசிரியர் முகம் சிவந்து நின்றார். தாயம்மை சாவகாசமாகத் தன் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள். உள்ளே சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்தில் எங்கள் அச்சு!

"இதையா தேடுதிய? இத வாயில வச்சிட்டு எப்பிடி மக்கா வெத்தில போட? தங்கத்தவிட விலைன்னு நீதானே சொன்ன. அதனாலயாக்கும் செல்லத்துல பத்திரமா வச்சேன்."

சிரிப்பதா அழுவதா? நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய், கள்ளி! அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. மற்ற நோயாளிகளிடமும் திட்டாமல், நயமாகக் கேட்டுப் பார்த்தேன். பலபேர் வெற்றிலைக்காகக் கழற்றிக் கழற்றி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் வைக்கச் சொன்னோம் என்றுதான் நாங்கள் குறித்துவைத்தோம். எவ்வளவு நேரம் வாயில் இருந்தது என்று யார் கேட்டோம்?

இதைச் சொன்னதும் பேராசிரியர் குறிப்பேட்டை என் கையில் கொடுத்தார். பிறகு, "இனி இதை நீயே கவனி. படிப்பு முடிந்தும் இங்கேயே இரு" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அப்பா?

நானும் கூடவே உட்கார்ந்து கதை பேசிப் பேசி, தாயம்மையை அச்சைக் கழற்றவிடாமல் பார்த்துக்கொண்டேன். புண் ஆறி அவள் ஊருக்குப் போனாள். போகிற வழியில், நான் சொல்லாமலே, நம் வீட்டில் ஏறியிருக்கிறாள். போன வாரம் நான் ஊருக்குப் போனபோது அப்பாவே சொன்னார்.

"இன்னா பாரும்னு வாயத் தெறந்து காட்டினா மக்கா. நான் வெளக்கெடுத்திட்டு வந்து பாத்தேன். நல்லா ஆறியிருக்கு."

நீ படுத்திருந்த நாளெல்லாம் உன் அறை வாசலோடு நின்றுவிட்ட மனிதர், அக்கா. உன் வாயை ஒரு தடவைகூடப் பார்க்கத் துணியாதவர்.

அழுதுகொண்டேதான் சொன்னார்: "கடைய வேற எவனுக்காவது குடுத்துக்கிடலாம். நீ மதராசுக்கே போ."

இன்னும் சிலர் ஆறாத புண்ணோடுதான் வீடு திரும்புகிறார்கள். ஏன் என்று தெரிகிறவரை அந்த மதராஸ் வார்டை விட்டு வரமாட்டேன். இது உன் தலைமேல் சத்தியம்.

உன்னிடம் குட்டு வாங்கியே வளர்ந்த தம்பி,
வேலாயுதம்