சலிக்கேர் பூ

19.08.2014, செவ்வாய்

மூளையில் இருந்த கட்டியை எடுத்தபிறகு இவர் மூன்று மாதமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்று வில்லியே லே பெல் ஊரில் வேலை முடிந்து வரும்போது ஓடைக்கரையில் சலிக்கேர் பூத்திருந்தது. தோட்ட வேலை செய்த காலத்தில் இவர் வருடந்தோறும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டும் ஊதாப் பூ. ஒரு கொப்பு முறித்து, ரயிலில் நசுங்காமல் மடியில் வைத்து, லா சப்பல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கட்டிலருகே நீட்டினேன். "இஞ்சை பாருங்கோ, இது என்ன பூ?"

இதழைத் தொட்டார். "சலிக்கேர். குளிருக்குப் பட்டுப்போகும். வேர் சாகாது."

அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்தேன். "ஓமப்பா, ஓம்."

மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். "நீங்கள் ஆர்? என்ரை மனிசி வேலையால வாற நேரம்."

"இப்ப வந்திடுவா," என்றேன்.

இவர் இன்னும் தூங்கவில்லை. வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.