துப்பாக்கி தானாக வெடிக்காது

இன்று காலை தையல் மிஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். வழிந்ததைத் துடைக்கப் பழைய துணி தேடினபோது, உங்கள் பாலிஷ் டப்பாக்களுக்கு அடியில் ஒரு பிளானல் துண்டு அகப்பட்டது. நீளவாக்கில் கிழித்துச் சுருட்டி வைத்திருந்தது. துப்பாக்கிக் குழலைத் துடைக்க எடுத்துப்போவீர்களே, அது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாடை தானே வந்தது. மிஷினை மறந்து உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் வழிந்து பலகையில் இறங்கியதைப் பிறகுதான் பார்த்தேன்.

இந்த வாடைக்காக உங்களை எவ்வளவு கோபித்திருக்கிறேன். ஆயுதப்படை ஏட்டின் கையில் வேறு என்னதான் மணக்கும்? சாப்பாட்டுக்கு முன் சோப்பு போடச் சொல்லி விரட்டுவேன். போட்டுவிட்டு வந்து, இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "செக் பண்ணிக்கிங்க மேடம்" என்பீர்கள். நானும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவேன்.

இந்தச் சிதம்பரம் வீட்டில் இப்போது கை நீட்ட யாரும் இல்லை. மகள் வாரம் ஒருமுறை போனில் பேசுகிறாள். காலையில் கோயிலுக்குப் போகிறேன், வருகிறேன், ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன். கணக்கு நோட்டை மட்டும் விடவில்லை. எட்டாவதோடு நின்றவள் எழுதும் நோட்டைப் பார்த்து, ஸ்டேஷன் ரைட்டர் இதைக் கண்டால் ராஜினாமா கொடுத்துவிடுவார் என்று கேலி செய்வீர்களே, அதே நோட்டுதான். ஒரு பக்கம் நிறைவதற்கு இப்போதெல்லாம் நாளாகிறது. ஒருத்திக்கு என்ன செலவு இருந்துவிடப்போகிறது?

உங்களுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன். அங்கே மல்லிகாவைப் பார்த்தேன்.

எந்த மல்லிகா என்று கேட்க மாட்டீர்கள். கடலூர் குவார்ட்டர்ஸில் நமக்கு எதிர்வீடு. உங்களோடு ஒரே பேட்ச்சில் சேர்ந்த தனசேகரின் மனைவி. நான் வள்ளலார் வழியில் புலால் தொடாதவள் என்பதால், தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா நம் வாசலைத் தாண்டி நேரே அவள் வாசலுக்குத்தான் போவாள். அவள் வீட்டில் குழம்பு கொதித்தால், தனசேகரிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனக்குத் தெரியாது என்று நீங்கள் நம்பினீர்கள். தெரியாதவள் மாதிரி நானும் இருந்தேன். ஒருநாள் மல்லிகாவே போட்டு உடைத்தாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரரு உள்ள வரும்போது சாமியாரு மாதிரிதான் வராரு. கொழம்பு சட்டியத் தொறந்தாதான் போலீஸ் ஆவறாரு."

அவள் சமைத்த எதையும் நான் சாப்பிட மாட்டேன் என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. நான் சாம்பார் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை ஒருநாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. கைப்பிடி முருங்கைக்கீரை இருக்கும், காடாம்புலியூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டு முந்திரி இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையாவது இருக்கும். காலிப் பாத்திரம் வீடு திரும்பக் கூடாது என்பது அவளுக்கும் எனக்கும் பொது.

பிறகு அந்தக் காலை வந்தது. நீங்கள் இருவரும் சிதம்பரத்தில் காவல் பணி முடித்துக் கிளம்புகிற நேரம். துப்பாக்கியைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு என்று நீங்கள் பின்னாளில் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம். முதலில் குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் போல்ட்டை இழுத்து, குழலுக்குள் தங்கியிருக்கும் குண்டை வெளியே தள்ள வேண்டும். தனசேகருக்கு அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். வரிசையை மாற்றிவிட்டார். போல்ட்டை இழுத்ததும் ஒரு குண்டு கீழே விழுந்தது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தார், காலியாகிவிட்டது என்று நினைத்தார். மேகசின் இன்னும் மாட்டியிருந்ததால் அடுத்த குண்டு உள்ளே ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்? வழக்கப்படி குழலைத் தரைக்கு நீட்டி விசையை அழுத்தினார். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறித்தது உங்கள் வலது கணுக்காலை உடைத்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, கட்டிலில் கிடந்த நீங்கள் தனசேகரைத் தேற்றிக்கொண்டிருந்தீர்கள். "உயிரு இருக்குல்ல மச்சான், அழுவாத" என்றீர்கள். அவர் சட்டை முழுக்க உங்கள் ரத்தம். மல்லிகா என் கையை விடவே இல்லை.

பணியில் காயம்பட்ட போலீசாருக்கு அரசாங்கம் நிதி வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நகையை வைத்து ஆபரேஷனுக்குக் கட்டியிருந்தோம். அந்த நிதி வந்தால்தான் நகை திரும்பும். மனு வாங்க வந்தவர் நல்லெண்ணத்தோடுதான் வழி சொன்னார்: துப்பாக்கியில் கோளாறு, தானாக வெடித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் விசாரணை நீளாது, பணமும் சீக்கிரம் வரும், யாருக்கும் தண்டனை இருக்காது. தனசேகர் தலையைக் குனிந்து நின்றார். நீங்கள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "துப்பாக்கி தானா வெடிக்காதுங்க."

மறுநாள் மல்லிகா என்னிடம் வந்தாள். அவர்கள் அப்போது வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். சம்பள உயர்வை நிறுத்திவிட்டால் எழும்பாது. "அக்கா, நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். சொன்னேன். அதற்கு நீங்கள் கொடுத்த பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"தானா வெடிச்சிதுன்னு எழுதினா, துப்பாக்கிய ரிப்பேருக்கு அனுப்புவாங்க. தப்பு இங்கியே இருக்கும். நாளைக்கு எவன் நெஞ்சிலயாவது படும். அப்பவும் அது தானா வெடிச்சிதுன்னுதான் எழுதுவாங்க."

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தீர்கள். தனசேகருக்குச் சம்பள உயர்வு நின்றது. தூரத்துக்கு மாற்றலும் வந்தது. அவர்கள் சாமான் ஏற்றிய அன்று, என் சாம்பார்ப் பாத்திரம் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. நான் பார்க்காத நேரத்தில் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நன்றாகத் தேய்த்து, துடைத்து, வெறுமனே.

அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்டேன்: "உங்களுக்குக் காலு போச்சு. எனக்கு மனுஷி போயிட்டா. யாருக்கு என்ன லாபம்?" நீங்கள் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

நிதி வெகு தாமதமாக வந்தது. நகையை மீட்டோம். நோட்டில் வரவு எழுதிவிட்டு, எதிரே இருந்த செலவுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எழுத வேண்டியது ஒன்று இருந்தது, எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கியது. காவல் அறைகளில் குழலை நீட்டிக் காலி செய்ய மணல் பெட்டி வைத்தார்கள். நெடுநேரம் நிற்கவும் ஓடவும் முடியாத உங்களை வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நீங்கள் நடுக்கூடத்தில் குடையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தது எனக்கல்லவா தெரியும். உள்ளே நான் விளக்கேற்றி ஜோதி வணக்கம் சொல்வேன், வெளியே நீங்கள், "மேகசின் மொதல்ல. அப்புறம் போல்ட்டு. கண்ணால பாரு. பாத்தது போதாது, வெரல விட்டுத் தொட்டுப் பாரு" என்பீர்கள். ஒருநாள் நான் வணக்கத்தின் நடுவே மேகசின் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

வடலூருக்கு என்னைக் கூட்டிப்போன வருஷங்களிலும் அதே பேச்சுதான். ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கும்போது கூட்டம் மெய்மறந்து நிற்கும். நீங்கள் என் காதோரம் குனிந்து, "பாத்தியா, வரிசைய மாத்தறாங்களா?" என்பீர்கள். கோயிலில் பேசாதீர்கள் என்று முழங்கையால் இடிப்பேன். இந்த வருஷம் ஆறாவது திரை விலகும்போது என் முழங்கை தானாக அசைந்தது. பக்கத்தில் நின்ற அம்மா தள்ளி நின்றுகொண்டாள்.

தரிசனம் முடிந்து அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவள் திரும்பினாள். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டிருந்தாள். மல்லிகாதான். "எளச்சிப் போயிட்டீங்க அக்கா" என்றாள்.

ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உங்கள் வகுப்புக்குத் தனசேகரையும் அனுப்பியிருக்கிறார்கள். முப்பது பேருக்கு முன்னால் மானம் போகப்போகிறது என்று பயந்து, அவர் கடைசி வரிசையில் போய் ஒளிந்து உட்கார்ந்தாராம். நீங்கள் நொண்டிக்கொண்டு வந்து, பேண்ட்டைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டி, அந்தக் காலையின் கதையைச் சொன்னீர்களாம். பஸ்ஸுக்கு அவசரம், முதலில் போல்ட்டை இழுத்தது, ஒரு குண்டு விழுந்தது, அதை நம்பியது. எல்லாம் அப்படியே.

"ஆனா, பண்ணது நான்தான்னு சொன்னாராம் அக்கா. என் காலுல நானே சுட்டுக்கிட்டேன், என்னைய மாதிரி முட்டாளா இருக்காதீங்கன்னாராம். எல்லாப் பசங்களும் சிரிச்சாங்களாம். இவுரு மட்டும் தலய தூக்கலயாம்."

வகுப்பு முடிந்து வாசலில் காத்திருந்தவரிடம், "டீ சாப்பிடலாமா மச்சான்" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். டீக்கடையில் அவர், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாராம். "பேப்பருக்கு நடந்தது வேணும். பசங்களுக்கு வரிசை வேணும். உன் பேரு யாருக்கு வேணும்?" என்றீர்களாம். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவருக்கு மற்றவர்கள் மூலம் தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் அவர் வீட்டில் சொல்லவே இல்லை. நீங்கள் நெஞ்சு வலியில் போன சேதி கிடைத்த அன்றுதான், மல்லிகாவிடம் சொல்லி அழுதாராம்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது அக்கா" என்றாள்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். முந்திரி. அம்மா வீட்டு மரம் இன்னும் காய்க்கிறதாம். டப்பாவைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எப்போது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு டீயைக்கூட என்னிடம் சொல்லாமல் குடிக்க மாட்டீர்களே, இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? நான் அந்தப் பாத்திரத்தோடு கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாதா? வீட்டுக் கதவைத் திறந்து, "ஏங்க, தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். கூடத்தில் உங்கள் குடைதான் மாட்டியிருந்தது.

இன்று மத்தியானம் அந்த முந்திரியில் பாதியைப் பொடித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறி, வில்லை போட்டேன். மல்லிகாவின் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். விலாசம் மகள் மூலம் விசாரிக்க வேண்டும். காலியாகக் கொடுக்க முடியாது, கெட்டுப்போகவும் விடக் கூடாது; ஆகவே சீக்கிரம் போயாக வேண்டும்.

கிளறி முடித்ததும், நீங்கள் பழக்கிவிட்டபடி, முதலில் சிலிண்டரைத்தான் மூடினேன். குழாயில் தங்கிய கேஸ் தீரும்வரை அடுப்பு கொஞ்ச நேரம் எரியும். நீலத் தீ சின்னதாகி, துடித்து, தானே அடங்கியது. பிறகு அடுப்புக் குமிழைத் திருகி மூடினேன். கண்ணால் பார்த்தேன். பார்த்தது போதாது என்று விரலால் தொட்டும் பார்த்தேன். விரலில் நெய் வாசனைதான் இருந்தது. யாரிடம் நீட்டிக் காட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.