பெரிய கட்டைக்கு அர்ச்சனை

மாசி 4, வியாழன்
விடிகாலையில் பனி. வடாம் பிழியவில்லை. பேரன் சேகர் மதராஸிலிருந்து வந்துவிட்டான். தோளில் நீளப் பை, உள்ளே கோல்ஃப் கட்டைகள். கம்பெனியில் குமாஸ்தா. துரைதான் ஆடக் கற்றுக்கொடுத்தாராம். வெள்ளைக்காரன் போய் எட்டு வருஷம், இந்தத் துரை மட்டும் போகவில்லை. ஞாயிறு மாமல்லபுரத்துச் சவுக்குத்தோப்புப் பக்கம் பந்தயம். முதலில் வரும் நாலு பேர் பெங்களூருக்குப் போய் ஆடலாம். இரண்டு வருஷமாக அவனுக்கு இதே நினைப்பு.
தெருவில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

வெள்ளி
நல்ல வெயில். பேப்பரில் படம் போட்டுக் காட்டினான். முதல் அடி அடிக்கிற மேடு. எதிரே ஓடை. அதற்கு அப்பால் கொடி, அதன் கீழே முதல் குழி. எல்லாக் குழியிலும் குறைந்த அடியில் பந்தைப் போடுகிறவன் ஜெயிப்பானாம். பெரிய மரக்கட்டையால் ஓங்கி அடித்தால் ஓடையைத் தாண்டும். ஆனால் அவனுக்குப் பத்துத் தரத்தில் மூன்று தரம்தான் தாண்டுகிறதாம். அதனால் சின்ன இரும்புக் கட்டையால் ஓடைக்கு இந்தப் பக்கமே போட்டுவிட்டு, அடுத்த அடியில் தாண்டுவானாம்.
எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குப் பெண் பேசியிருக்கும் அச்சரப்பாக்கத்து வீட்டாரும் வருகிறார்கள். "அவ்ளோ பேரு பாத்துகினு கீற எடத்துல கிட்டக்கவா போடுவே?" என்றேன்.
"தூரமா போனா மட்டும் ஆவாது ஆயா. அடுத்த அடிக்குத் தோதான எடத்துல வுழணும்."
சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேனோ.

சனி
தேங்காய், கற்பூரம், கதம்பம். புளிசாதத்துக்கு நல்லெண்ணெய்.
அவன் குளிக்கப் போனபோது பையிலிருந்து பெரிய கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு. அதுதான் பளபளவென்று இருந்தது. இது என்ன ஆயுதம் என்றார் குருக்கள். பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. கட்டையின் தலையில் சந்தனம், குங்குமம்.
சேகர் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் வைத்தான். மருமகள்தான், "எதை எடுக்கணும்னு அவனுக்குத் தெரியாதா அத்தை?" என்றாள். அவள் எப்பவும் இப்படித்தான்.

ஞாயிறு, சாயங்காலம்
எதிர்க்காற்று. வாயெல்லாம் மணல். மேட்டுப் பக்கம் நாங்கள் பதினோரு பேர்.
சேகர் இரும்புக் கட்டையைத்தான் உருவினான். சும்மா இருந்திருக்கலாம். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்: "சாமிகிட்ட வச்சி எடுத்தாந்தது அது இல்லப்பா."
என்னைப் பார்த்தான். பெண்வீட்டாரைப் பார்த்தான். இரும்பைப் பையில் செருகிவிட்டுப் பெரியதை எடுத்தான்.
பந்து ஓடையில். இன்னொன்று வைத்து அடித்தான். அதுவும் ஓடையில். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி கூடுதலாகச் சேர்ப்பார்களாம். மற்றக் குழிகளில் ஒரு குறையும் இல்லை என்றார் துரையே. ஐந்தாவதாக வந்தான். ஒரே அடி வித்தியாசம்.
புளிசாதம் அப்படியே திரும்பி வந்தது.

திங்கள்
மூட்டம். சேகர் காலை ரயிலுக்குக் கிளம்பினான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கணும் என்று சொன்னேன். அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"நீ சொன்னேன்னு எடுக்கல ஆயா. எடுக்காம வுட்டிருந்தா பொண்ணு வூட்டுக்காரங்க எதிர்ல உன் மூஞ்சி சுண்டிப்போயிருக்கும். அதுக்குத்தான்."
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
எதிர்வீட்டுக்காரி வந்து, பேரன் ஜெயித்தானா என்று கேட்டாள். இல்லை, நான்தான் கெடுத்தேன் என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.