இருபது பேர் பார்க்க வந்த வகுப்பு

கோத்தா திங்கி,
5 மே 2025

அன்புள்ள ஷாந்தினி,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? வாட்சப்பில் அனுப்பப் பயந்து தாளில் எழுதுகிறேன்.

ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து பார்த்து, புது முறைகளைச் சேர்ந்து கற்க வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னீர்களே, எங்கள் நால்வர் குழு உட்காரவே இல்லை. ஒரே மதியத்தில் புடவை மாற்றி மாற்றி நான்கு வாரம் உட்கார்ந்ததாகக் காட்டும் படங்களையும் எடுத்துவிட்டோம். வகுப்பைப் பார்த்து மதிப்பிடும் படிவங்களை, அந்தப் பாரங்களை, கேண்டீனில் நிரப்பினோம். "டீச்சர், உங்களுக்கு நல்லதா போட்டுட்டேன் லா, ரொட்டி சானாய் எங்க?" என்றாள் குழுவில் ஒருத்தியான செல்வராணி. என் பாரத்தின்படி, பிள்ளைகளே கேள்வி கேட்டு, அவர்களே விடை தேடும் வகுப்பாம். என் வகுப்பில் நான் மட்டும்தான் பேசுவேன், ஷாந்தி.

அதை நம்பித்தானே மாதிரி வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தாய்? 22ஆம் தேதி இருபது ஆசிரியர்கள் வருகிறார்கள். உண்மையைச் சொன்னால் மற்ற மூவரும் மாட்டுவார்கள். மாவட்ட அலுவலகத்தில் நீதானே பயிற்றுநர்? எப்படியாவது என் பெயரை எடுத்துவிடு.

உன்
பிரேமலா


கூலாய்,
9 மே 2025

பிரியமுள்ள பிரேமா,

அம்மா நடக்கிறார். உன்னைக் கேட்டார்.

பட்டியல் மேலே போய்விட்டது. உன் பாரத்தில், 'நேரில் பார்த்தேன்' என்று கடைசியாகக் கையெழுத்திட்டவள் நான். மார்ச் வெள்ளத்தில் சாலை மூடியிருந்ததால் வரவில்லை, வராமலே போட்டுவிட்டேன். நீ பின்வாங்கினால் என்னையும்தான் கேட்பார்கள். பிள்ளைகளைப் பழக்கிவிடு. எல்லாரும் செய்வதுதான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். எனக்காக.

ஷாந்தி


கோத்தா திங்கி,
23 மே 2025

ஷாந்தினி,

பழக்கினேன். ஐந்து நாள், யார் எப்போது கை தூக்குவது என்பது வரை. அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று லோஷினி தப்பாகச் சொல்ல வேண்டும். ரூபேந்திரன் திருத்த வேண்டும்.

நேற்று அவள் எழுந்து, "முக்கால்" என்றாள்.

"இல்லை லோஷினி, அது தவறு. முக்கால்தான் சரி," என்று மனப்பாடமாக ஒப்பித்தான் அவன்.

"டீச்சர், நானும் அதானே சொன்னேன்?"

"நீ தப்பாதான் சொல்லணும்! டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்கல்ல!"

இருபது பேருக்கும் புரிந்தது. சிலர் குனிந்து சிரித்தார்கள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். இருபது பாரத்திலும் 'மிகச் சிறப்பு'. அடுத்த மாதம் உலு திராம் பள்ளியிலும் இதே வகுப்பை எடுக்க வேண்டுமாம்.

இன்று மணியடித்த பிறகும் லோஷினி போகவில்லை. "டீச்சர், இனிமே நான் சரியா சொல்லலாமா?"

சொல்லலாம் என்றேன்.

தலைமையாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என்னைப் பற்றி மட்டும் எழுதத்தான் முயன்றேன், முடியவில்லை; பாரங்களில் எல்லார் கையெழுத்தும் இருக்கிறதே. குழுவின் மற்ற மூவரிடமும் சொன்னேன். செல்வராணி என்னோடு பேசுவதில்லை. திங்கள் காலை அந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன்.

உன் பெயரும் அதில் இருக்கிறது.

பிரேமலா