மைக் வேண்டவே வேண்டாம், அத்தான்

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் அக்காவும் நலம்தான். உன் பேச்சை எடுத்தால் மட்டும் கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. "கிட்டார்காரனைக் கட்டிக்கிட்டா சோத்துக்குச் சிங்கிதான்" என்று கல்யாணத்தின்போது நீ சொன்னதற்கு ஆறு வருஷமாக உன்னோடு பேச்சில்லை. எனக்குக் கோபமில்லையப்பா, பாதி உண்மைதானே!

விஷயத்துக்கு வருகிறேன். துணி காயப்போடும் அறை இனி என் ஸ்டுடியோ! எலெக்ட்ரிக் கிட்டாரைக் கணினியில் பதிய, ஒலியைக் கூட்டிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் பெட்டி ஒன்று வேண்டும். கடைக்காரன் சொல்லும் விலைக்குக் கிட்டாரையே விற்கணும். மலிவாக எதை வாங்க? டிரம் வாசித்துப் பதிகிறவன் நீ, சொல்லு.

அத்தான்

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

குதித்த குதியில் டிரம் குச்சி கட்டிலுக்கடியில் போய்விட்டது! கிட்டார் வயரை நேராகச் செருகும் சின்னப் பெட்டியே போதும். மைக் செருகுகிற பெட்டி வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தால் மிக்ஸி, குழாய், அக்கா எல்லாமே பதிவாகிவிடும். முதல் பதிவு எனக்குத்தான், சொல்லிவிட்டேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கதவு சாத்தினாலும் பரவாயில்லை.

மச்சான்

மார்ச் 20

மச்சானுக்கு,

வாங்கியாச்சு! பழசு, பாதி விலை. ஆனால் திட்டாதே, மைக் பெட்டிதான். கடையில் நீ சொன்னதைத்தான் கையில் எடுத்தேன். உன் அக்கா உன் கடிதத்தைப் படித்துவிட்டாள் போல. அந்தப் பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு மைக் பெட்டியைக் காட்டினாள். ஏன் என்று கேட்டேன், முறைத்தாள். பென் டிரைவ் இத்துடன் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதே.

அத்தான்

மார்ச் 28

அன்புள்ள அத்தானுக்கு,

மிக்ஸி ஓடுகிறது, யாரோ பக்கெட்டை உருட்டுகிறார்கள். அடடா, என்ன பதிவு! நடுவில் கிட்டார் நின்றுபோனதும் நீங்கள் தடுமாறிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். கடைசியில், மைக்குக்குப் பக்கத்தில் அக்கா குரல்:

"டேய், நடுவுல இடம் விடச் சொல்லியிருக்கேன். அங்க நீ அடிக்கணும். தாளம் தப்புச்சோ, சோத்துக்குச் சிங்கிதான்!"

டேய் என்றாள் அத்தான்! ஆறு வருஷம் கழித்து! சிரித்துக்கொண்டே அழுதேன். டிரம் வாசித்து அனுப்பியிருக்கிறேன். முடிந்தபின் நானும் மைக்கை அணைக்கவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள்.

அக்காவின் தம்பி