ஏலத்துக்குப் போன நீல டின்

பாப்லர் ஹாலோ, ஆர்க்கன்சா
மார்ச் 14

அன்பு மகள் கொரினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம்தான். அந்த அலாஸ்காக் குளிரில் நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்களுக்குக் கவலை. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, உன் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து இரண்டே நாள்தான் ஆகிறது. அதற்கு முந்திய ஒன்பது நாளும் எல்லாம் நாய் வழியாகத்தான் நடந்தது. "அந்த ஆளைச் சாப்பிட வரச் சொல்லு" என்று நாயிடம் சொல்வாள், அது வந்து என்னைப் பார்க்கும், நானும் எழுந்து போவேன். உன் ஆராய்ச்சிப் படகு மாதக் கடைசியில் கரைக்கு வந்ததும் நீ முதலில் தபாலைத்தான் பார்ப்பாய், அப்புறம்தான் அம்மாவுக்குப் போன் போடுவாய் என்று எனக்குத் தெரியும். அவள் வாயால் கேட்பதற்கு முன் என் கையால் எழுதியதைப் படித்துவிடு. கூரை ஒழுகல் சரிசெய்தாகிவிட்டது, மெர்ல் அத்தைக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து தடியூன்றி நடக்கிறாள், சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கரடிக்குப் பயந்து கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன், வண்டியில் போகும்போது இருக்கைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன் என்று நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் நாலு பக்கத்துக்கு அறிவுரை எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் வைத்தேன். அடுத்த சனிக்கிழமையே எனக்கு இது நடந்தது. அந்த உறையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியும், நான் இடுப்பில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு போகிறவன், உரிமம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, வாய் நிறையப் பேச்சும் இருக்கிறது. தபால் ஆபீஸ், நீதிமன்றம் போன்ற இடங்களுக்குள் கொண்டுபோக முடியாது, வண்டியில்தான் விட்டுப் போக வேண்டும். இங்கே இந்தக் குளிர்காலத்தில் ஏழெட்டு வண்டிகளின் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி திருடிவிட்டார்கள். திருடன் முதலில் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறப்பான், அடுத்து இருக்கைக்கு அடியில் கைவிடுவான், பழைய பிஸ்கட் டின்னை எவன் தொடப்போகிறான் என்று யோசித்தேன். யோசித்து, வட்டமான நீல டின் ஒன்றில் துணி விரித்துத் துப்பாக்கியை வைத்துப் பின்சீட்டில் போட்டேன். போட்டதோடு விட்டேனா, கடைவீதியில் நாலு பேரிடம் என் மூளையைப் பற்றிப் பெருமையும் பேசினேன், நல்லவேளை எந்த டின் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை தபால் ஆபீசுக்குப் போகும்போது அதில் வைத்தவன், திரும்பி வந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ள மறந்துபோனேன். மதியம் சர்ச் கூடத்தில் புதுக் கூரைக்காக ஏலம். அதற்கு உன் அம்மா பீக்கன் பருப்பு மிட்டாய் இரண்டு பவுண்டு செய்து, அதே மாதிரி இன்னொரு நீல டின்னில் அடைத்து, அதையும் பின்சீட்டில்தான் வைத்திருக்கிறாள். நான் நாற்காலி போட உள்ளே ஓடினேன், அவள் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் சிவப்பு ரிப்பன் ஒன்றும் கட்டிவிட்டாள்.

எனக்கு இது எப்போது தெரிந்தது என்றால், பாஸ்டர் அந்த டின்னைக் கையில் உயர்த்திப் பிடித்து, "லோரெட்டா அம்மா கைப்பக்குவம், யார் கேக்கிறீங்க?" என்றபோது. மூடியின் ஓரத்தில் நான் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய நெளிசல் தெரிந்தது. அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும், இதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. ஆனால் அங்கே எண்பது பேர் இருந்தார்கள், அதில் பாதிப் பேருக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி நான்தான் போன வருஷம் அதே கூடத்தில் நின்று வகுப்பு எடுத்தவன். வாய் வரவில்லை. பேசாமல் ஏலம் கேட்டு நாமே வாங்கிவிடுவோம் என்று கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா, "சொந்த வீட்டு மிட்டாயை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா, கையக் கீழ போடுங்க" என்று இடித்தாள். சும்மா இருந்திருந்தால் அது இருபது டாலரில் முடிந்திருக்கும், ஆனால் எதிர் வரிசையில் ஹார்லன் டிப்ஸ் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சில்லி என்கிற மிளகாய்க் கறிக்குழம்புச் சமையல் போட்டியில் நான் நடுவராக இருந்து அவன் குழம்புக்கு மூன்றாம் பரிசு கொடுத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை, அது உனக்கும் தெரியும். நான் முப்பது என்றால் அவன் முப்பத்தைந்து. நான் ஐம்பது என்றால் அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அறுபது. "ரெண்டு பேருக்கும் அவ்வளவு ஆசையா அந்த மிட்டாய்மேல" என்று பின்னால் யாரோ சொல்ல, உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, என் கையைத் தானே பிடித்துத் தூக்கிவிட்டாள். எண்பதோடு என் சட்டைப்பையில் இருந்தது தீர்ந்தது. எண்பத்தைந்து என்று சொல்லி ஹார்லன் ஜெயித்துவிட்டான்.

அவன் பேத்தி போஸி, ஐந்து வயசு, ஓடிப்போய் டின்னை வாங்கித் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டது. ரிப்பனைப் பல்லால் இழுத்தது. சின்ன விரல்களை மூடிக்கு அடியில் விட்டு நெம்ப ஆரம்பித்தது. நெளிந்த மூடி சட்டென்று வரவில்லை. கொரின், நான் வியட்நாமில் இருந்தவன், அங்கேகூட நான் இப்படிப் பயந்ததில்லை. எப்படி எழுந்தேன் என்று தெரியாது, இரண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், "பாப்பா, அதைத் தொடாதே! அதுக்குள்ள என் துப்பாக்கி இருக்கு, தோட்டா போட்டிருக்கு!" என்று கத்தினேன். குழந்தை பயந்து கையை எடுத்துவிட்டது. பாஸ்டர் ஏலச் சுத்தியலைப் பிடித்தபடியே நின்றார். ஹார்லன் வந்து குனிந்து, "அத தாத்தாகிட்ட குடு கண்ணு" என்று வாங்கிக்கொண்டு நேரே வெளியே நடந்தான். தன் வண்டியின் பின்பலகையில் டின்னை வைத்துத் திறந்து, ஆளில்லாத பக்கம் துப்பாக்கிக் குழாயைத் திருப்பி, தோட்டாக்களைக் கழற்றி, உள்ளே ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான். என்னைத் திட்டுவான், அடிப்பான்கூட என்று நினைத்துத்தான் பின்னால் போய் நின்றேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கடைசியில் அவன் என் பக்கம் திரும்பி, "யோவ் வெர்லின், எண்பத்தஞ்சு டாலர் குடுத்திருக்கேன், என் மிட்டாய் எங்கய்யா?" என்றான். என் வண்டிப் பின்சீட்டில் கிடந்த இன்னொரு டின்னை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "மூணாம் பரிசுதான் குடுக்கலாம் இதுக்கு" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போஸி எனக்கு ஒரு மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தது, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மாவைச் சமாதானப்படுத்த, "ரெண்டு டின்னும் ஒரே கனம், நீ என்ன பண்ணுவே பாவம்" என்று சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. "என் மிட்டாயும் துப்பாக்கியும் ஒரே கனமா?" என்று கேட்டவள்தான், அதற்கப்புறம் ஒன்பது நாள் நாயோடு பேசினாள்.

திங்கட்கிழமை ஹார்லனே தன் டிரில்லோடு வந்தான். சாவி போட்ட இரும்புப் பெட்டி ஒன்றை என் சீட்டுக்கு அடியில் வைத்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தான். டின் மறைக்கத்தான் செய்யும், பூட்டாது என்று எனக்கு இந்த வயசில் புரிந்திருக்கிறது. வண்டியைவிட்டு இறங்கின பிறகு அடுத்தவன் பார்க்க உள்ளே கைவிட்டுக் குடைவதும் கூடாது, நம்மைக் கவனித்துக்கொண்டிருப்பான். எங்கே இறங்கப்போகிறோமோ அங்கே போய்ச் சேரும் முன்பே பூட்டிவிட வேண்டும், சாவி நம்மோடு வர வேண்டும். போன வாரம் மெர்ல் அத்தையைப் பார்க்க இல்லினாய்ஸ் போனோம். அங்கே சட்டம் வேறு, கிளம்பும் முன்பே விசாரித்தேன். எல்லைக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியைத் தனியாகப் பூட்டிய பெட்டியில் வைத்துப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். உன் அம்மா இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள், அப்புறம்தான் ஏறினாள். ராத்திரி ஓட்டலில் தங்கினபோது வண்டியில் விடாமல் அறைக்குள் எடுத்துப்போனோம். அங்கேயும் அவள் தூங்கப்போகும் முன் ஒருதடவை இழுத்துப் பார்த்தாள்.

நீயும் சட்டத்தையெல்லாம் விசாரித்துக்கொள், கண்ணு. ஊருக்கு விமானத்தில் வரும்போது அதைக் கொண்டுவருவதாக இருந்தால் கைப்பையில் வைத்துவிடாதே. கவுன்டரில் முன்கூட்டியே சொல்லி, தோட்டா இல்லாமல், பூட்டின கெட்டிப் பெட்டியில் பெரிய பெட்டிகளோடு அனுப்பு. எப்போதாவது தப்பு நடந்துவிட்டால் கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நிற்காதே, உடனே வாயைத் திறந்து சொல்லு. நான் அப்படி நின்ற நேரத்தில் அந்தக் குழந்தையின் விரல் மூடிக்கு அடியில் போய்விட்டது. அந்த விரல்கள் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

உனக்குக் கர்த்தர் நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும், கடலில் காற்று உன் பக்கம் அடிக்கட்டும். அம்மா கம்பளிக் காலுறை பின்னி முடித்துவிட்டாள், தனியாக அனுப்புகிறாள். இந்தக் கடிதத்தோடு ஓர் இரும்புப் பெட்டி பார்சலில் வருகிறது, சாவி வேறு உறையில் வரும். வந்த அன்றைக்கே சீட்டுக் கம்பியில் அதன் இரும்புக் கயிற்றைச் சுற்றிப் பூட்டி, போட்டோ எடுத்து அனுப்பு. பத்திரமாக வைத்திருக்கிறேன் அப்பா என்று வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டேன், முப்பது வருஷம் நானும் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அன்பு அப்பா,
வெர்லின் ஸ்டபிள்ஃபீல்ட்