தேக்கு யாருடையது

28 மே 2025, புதன்

ஞாயிறு பேச்சுக்கான வரிசை:

1. மிளகுத்தண்ணீர் – வெள்ளைக்காரர் சூப்பாக்கி, முல்லிகடானி என்று பெயரிட்டது.
2. சுருட்டு – செரூட்.
3. கட்டுமரம் – கட்டமரான்.
4. தேக்கு – டீக். நேராகத் தமிழிலிருந்து. ஐயமில்லை.
5. ஜகந்நாதர் தேர் – ஜக்கர்நாட். எதிர்ப்பட்டதை நசுக்கி உருளும் எதற்கும் சொல்வது.

மைசூர் விஜயநகர் மூத்த குடிமக்கள் சங்கத்தில், ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதையை ஐந்து ஞாயிறுகள் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன்தான். ஆனால் போன வருடம் அதே மேடையில் மூன்றாவது வாக்கியத்தில் நா எழாமல் உட்கார்ந்துவிட்டேன். இம்முறையும் அப்படியானால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

1 ஜூன், ஞாயிறு

பேசிவிட்டேன். நாற்பது நிமிடம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள்.

நான்காவது சொல்லான தேக்கு வந்ததும் கௌரம்மா எழுந்தார். வனத்துறையில் இருந்தவர். "டீக் எங்க கன்னட 'தேகா' சார். காக்கனகோட்டைக் காட்டுல பாருங்க. தமிழ்ல எங்கேருந்து வந்துச்சு?"

என் பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் விடவில்லை. "அம்மா, வெள்ளைக்காரன் கப்பல் மெட்ராஸுக்கு வந்துச்சா, மைசூருக்கு வந்துச்சா?"

நான் சொன்னதே சரி என்றேன். குரல் நடுங்கவில்லை. நானா அது?

3 ஜூன், செவ்வாய்

பூங்காவில் நடைப்பயிற்சி இரண்டு அணியாகிவிட்டது. தமிழர்கள் இடமாகவும் கன்னடர்கள் வலமாகவும் சுற்றுகிறார்கள். அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் சந்தித்து, இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சங்கச் செயலர் சுப்பையாவின் போன்: "செலுவநாராயணன் சார், சண்டை ஆகுதுன்னா உங்க நேரத்தை சிரிப்பு யோகாவுக்குக் குடுத்துடறேன். அதுல யாரும் கோவிச்சுக்கறதில்ல."

மனைவி ஜயம்மாவிடம் சொன்னேன். "நாப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை, நான் சொன்னதுதான் சரின்னு சொன்னதில்லை. அங்கே போய்ச் சொல்லியிருக்கேள்" என்றாள்.

5 ஜூன், வியாழன்

கௌரம்மாவை மறுக்க ஆதாரம் தேடினேன். 1988இல் எழுதிய என் குறிப்பு அட்டையில் ஆதாரமே இல்லை. மற்ற எல்லா அட்டையிலும் பக்க எண் வரை இருக்கிறது – இதில் மட்டும் ஏன் பார்க்காமல் விட்டேன்? தமிழ் என்பதாலா?

பெரிய அகராதி சொல்கிறது: மலையாளக் கரையில் போர்த்துகீசியர் எடுத்த சொல், அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இன்னொரு அகராதியும் அதையே சொல்கிறது.

பேசாமல் இருந்துவிட்டால்? சண்டையைக் காட்டி என் நேரம் சிரிப்பு யோகாவுக்குப் போய்விடும், என் தவறு யாருக்கும் தெரியாது. சே, என்ன புத்தி இது.

8 ஜூன், ஞாயிறு

இந்த வாரப் பேச்சை நிறுத்திவைத்திருந்த சுப்பையாவிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி மேடை ஏறினேன். தேக்கும் தேகாவும் உறவுதான், ஆனால் ஆங்கிலத்துக்குச் சொல்லைக் கொடுத்தது மலையாளம் என்றேன். இம்முறை பாதியில் உட்காரவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்க வரும் கோட்டயத்து நர்ஸ், கௌரம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "அப்போ ரெண்டு பேரும் எங்களுக்குத்தானே தேங்க்ஸ் சொல்லணும்?" என்றார்.

முதலில் சிரித்தது கௌரம்மா. "கேட்டீங்களா, கப்பல்காரரே?" என்று மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். "பி.பி. ஏறப்போகுது, சும்மா இருங்கம்மா" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுப்பையா பலகையில் அடுத்த ஞாயிறுக்கு என் பெயரையே எழுதினார். சிரிப்பு யோகா திங்களுக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து புது அட்டை எழுதினேன்: "டீக் – மலையாளம், போர்த்துகீசியம் வழி. முன்பு தமிழ் என்று சொன்னது என் தவறு."